பள்ளி நாடகம்: ஆண்டு விழாவிலிருந்து பாடவேளைக்கு

ஆண்டு விழா நெருங்கும்போது உயர்நிலைப் பள்ளிகளில் நாடகத்தைப் பற்றிய பேச்சு எழுகிறது. தலைமையாசிரியர் மொழியாசிரியர் ஒருவரை அழைத்து அப்பொறுப்பை ஒப்படைக்கிறார். அவர் உரத்த குரலும் நல்ல நினைவாற்றலும் உள்ள பத்துப் பன்னிரண்டு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறார். மூன்று வாரம் ஒத்திகை நடைபெறுகிறது. விழா நாளன்று கிரீடமும் தாடியும் வாடகைக் கடையிலிருந்து வருகின்றன. மறுநாள் திரும்பிச் செல்கின்றன. எஞ்சிய நானூறு ஐந்நூறு மாணவர்களுக்கு அந்த ஆண்டின் நாடகக் கல்வி என்பது கைதட்டுவதுடன் முடிந்துவிடுகிறது. வகுப்பில் எழுந்து நின்று தன் பெயரைச் சொல்லவே தயங்கும் மாணவன், யாருக்கு இப்பயிற்சி மிகுதியும் தேவையோ அவன், முதல் நாளிலேயே ஒதுக்கப்பட்டுவிடுகிறான்.

இந்நிலையை ஆராய்வதற்கு மைசூரைக் காட்டிலும் பொருத்தமான நகரம் கிடைப்பது கடினம். ஏனெனில் பள்ளியில் நாடகம் கற்பிக்கத் தேவையானவை என்று கருதப்படும் அனைத்தும், அதாவது நாடக மரபு, தொழில்முறைக் கலைஞர்கள், ஆசிரியர் பயிற்சி நிறுவனம், ஆர்வமுள்ள பெற்றோர் ஆகிய எல்லாம், அங்கு ஒரே ஊரில் உள்ளன. அவை ஒன்றுசேரும் காலம் மட்டும் பெரும்பாலும் கோடை விடுமுறையாக இருக்கிறது.

அரண்மனை முதல் ரங்காயணா வரை

பத்தாம் சாமராஜ உடையார் காலத்தில், 1880-களில், மைசூர் அரண்மனையின் ஆதரவில் நாடகக் குழு ஒன்று தோன்றியது. பசப்ப சாஸ்திரி காளிதாசனின் சாகுந்தலத்தைக் கன்னடத்தில் ஆக்கியது அக்காலத்தில்தான். 1884-ல் தொடங்கப்பட்ட குப்பி நாடகக் கம்பெனி பின்னர் வீரண்ணாவின் தலைமையில் கன்னட நாடெங்கும் புகழ் பெற்றது. தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ இதே காலத்தில் கம்பெனி நாடகங்கள் வளர்ந்தன. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ல் மதுரையில் அமைத்த தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையில் சிறுவர்களே நடிகர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்குதான் பயின்றனர்.

அந்தப் பாலர் சபைகளைப் பள்ளி நாடகத்தின் முன்னோடிகள் என்று சிலர் கொள்வதுண்டு. இது ஓரளவே சரி. பாட்டும் வசனமும் பிழையின்றி ஒப்பிக்கும் சிறந்த நடிகர்களை அவை உருவாக்கின. நடிகராகாத பிள்ளைக்கு அங்கு இடமில்லை. பள்ளியின் நிலை இதற்கு நேர்மாறானது. வகுப்பில் உள்ள ஐம்பது பேரில் ஒருவர்கூட நடிகராகப் போவதில்லை என்று கொண்டே அங்கு பாடம் தொடங்க வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே கண்டவர் பி.வி. காரந்த் (1929-2002). சிறுவனாகக் குப்பி கம்பெனியில் சேர்ந்தவர். பின்னர் காசியில் உயர்கல்வியும் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயிற்சியும் பெற்றவர். 1969 முதல் 1972 வரை தில்லி சர்தார் பட்டேல் வித்யாலயாவில் அவர் நாடக ஆசிரியராகப் பணிபுரிந்தார். தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக அவர் பொறுப்பேற்றது இதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே. கர்நாடக அரசு 1989-ல் மைசூரில் ரங்காயணா என்னும் நாடக நிறுவனத்தை அமைத்தபோது அதன் முதல் இயக்குநராக வந்தவரும் அவரே. அவர் கன்னடத்தில் சிறுவர்களுக்காக ஆக்கிய நாடகங்களுள் ‘பஞ்சர சாலே’ குறிப்பிடத்தக்கது. பறவைக்குக் கல்வி புகட்ட விரும்பிய அரசன், பொற்கூண்டு செய்து அதன் வாயில் ஏட்டைத் திணித்த கதையைத் தாகூர் எழுதியிருந்தார். காரந்த் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். கல்வி முறையைப் பற்றிய இந்தக் கிண்டலைப் பிள்ளைகளே நடிப்பதும், ஆசிரியர்கள் முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பதும் சுவையான காட்சிதான்.

ரங்காயணா அமைந்துள்ள கலாமந்திர வளாகத்தில் ஒவ்வொரு கோடையிலும் ‘சின்னர மேளா’ என்னும் சிறுவர் முகாம் நடைபெறுகிறது. பல பள்ளிகளைச் சேர்ந்த பிள்ளைகள் குழுக்களாகப் பிரிந்து, பாடியும் ஆடியும் முகமூடி செய்தும் பழகி, இறுதியில் நாடகங்களை அரங்கேற்றுகின்றனர். இம்முகாமில் பிள்ளையைச் சேர்க்கப் பெற்றோர் காட்டும் ஆர்வம் ஊரறிந்தது. ஆனால் முகாம் என்பது தேடி வருபவர்களுக்கு உரியது. நாடகம் தன் பிள்ளைக்குப் பயன்படும் என்று முன்பே அறிந்த பெற்றோரே விண்ணப்பம் வாங்க வருவர். அறியாதவரின் பிள்ளையைச் சென்றடையக்கூடிய ஒரே இடம் பள்ளியின் பாடவேளை.

அறிக்கைகள் கூறியதும் நடந்ததும்

அரசின் கல்விக் குழுக்கள் இதனை உணராமல் இல்லை. டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53-ல் பணியாற்றிய இடைநிலைக் கல்விக் குழு, பல்நோக்குப் பள்ளிகளில் ஏழு பாடப் பிரிவுகள் இருக்க வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அவற்றுள் நுண்கலையும் ஒன்று. அப்பள்ளிகளுக்கு வேண்டிய ஆசிரியர்களை உருவாக்கவே அஜ்மீர், போபால், புவனேஸ்வர், மைசூர் ஆகிய நான்கு நகரங்களில் மண்டலக் கல்வியியல் கல்லூரிகள் நிறுவப்பட்டன. மைசூர்க் கல்லூரி 1963-ல் தொடங்கியது. இன்று அது மண்டலக் கல்வியியல் நிறுவனம் என்ற பெயரில், தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவின் உறுப்பாகத் தென் மாநிலங்களுக்குப் பணியாற்றுகிறது. அதனுடன் செயல்விளக்கப் பள்ளி ஒன்றும் இணைந்துள்ளது. பல்நோக்குப் பள்ளித் திட்டம் நாளடைவில் கைவிடப்பட்டது. நுண்கலைப் பிரிவும் அதனுடன் மறைந்தது.

2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வரைவு, இசை, நடனம், ஓவியம், நாடகம் ஆகியவை பத்தாம் வகுப்பு வரை கட்டாயப் பாடமாக வேண்டும் என்று தெளிவாகக் கூறிற்று. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, பாடம் என்றும் பாடத்திற்குப் புறம்பான செயல் என்றும் பிரிக்கும் வழக்கமே கூடாது என்றது. 2024-ல் ஆறாம் வகுப்புக்கு வெளிவந்த ‘கிருதி’ என்னும் கலைப் பாடநூலில் நாடகத்துக்கும் ஒரு பகுதி உண்டு. ஆகவே குறை கொள்கையில் இல்லை. ஐம்பது பேர் அமர்ந்த அறையில், நாற்பது நிமிடத்தில், எந்த ஆசிரியர் என்ன செய்வது என்ற இடத்தில்தான் எல்லாம் நின்றுபோகிறது.

நாற்பது நிமிடத்தில் என்ன கற்பிக்கலாம்?

நாடகத் திறன் என்றால் வசனம் பேசுவது என்ற எண்ணம் முதலில் நீங்க வேண்டும். தொடக்கத்தில் கற்பிக்க வேண்டியது கேட்பது. இருவர் எதிரெதிரே நின்று ஒருவர் அசைவை மற்றவர் கண்ணாடிபோல் பின்பற்றும் எளிய பயிற்சியில் பேச்சே இல்லை. ஆனால் எதிரில் நிற்பவரைக் கூர்ந்து நோக்காமல் அதைச் செய்ய முடியாது. அடுத்தது மூச்சும் குரலும். கத்தாமல் கடைசி வரிசை வரை கேட்கும்படி பேசுவது ஒரு பழக்கமே. பாடநூலின் ஒரு பத்தியைக் கொண்டே அதை வளர்க்கலாம். பிறகு கட்டுரைத்தாள் இன்றி, சூழ்நிலையை மட்டும் கூறி உடனே நடிக்கச் செய்வது: நியாயவிலைக் கடை வரிசை, தண்ணீர்க் குழாயடி, பேருந்தில் சில்லறைத் தகராறு. பிள்ளைகள் இவற்றை நன்கு அறிவர். நடித்து முடித்தபின் பாத்திரங்களை மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். நடத்துநராக நடித்தவன் பயணியாகும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

இதற்கு மேடையோ திரையோ ஒப்பனையோ தேவையில்லை. பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினால் போதும். தள்ள இடமில்லாத வகுப்பறையானால் மரத்தடி உண்டு. ஓசையைப் பற்றிய அச்சம் நியாயமானதே. அடுத்த அறையில் கணிதம் நடத்துபவருக்கும் உரிமை உண்டு. பேச்சில்லாப் பயிற்சிகளை அறையிலும், பேச்சுள்ளவற்றை வெளியிலும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற வழி.

மைசூர்ப் பகுதிப் பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்புக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு ஒன்றைக் காணலாம். கிருஷ்ணராஜசாகர் அணைக் கட்டுமானம் 1911-ல் தொடங்கியது. விசுவேசுவரய்யாவின் பெயரும் அணையின் அளவுகளும் மாணவர்க்கு மனப்பாடம். ஆனால் அந்நீர்த்தேக்கத்தில் கண்ணம்பாடி முதலிய ஊர்கள் மூழ்கின. மண்டியா வட்டார நிலங்கள் பாசனம் பெற்றன. ஆற்றின் கீழ்ப்பகுதியில் தஞ்சை விவசாயிக்குக் கவலை மூண்டது; 1924-ல் சென்னை, மைசூர் அரசுகளிடையே உடன்பாடு ஏற்பட்டது. வகுப்பை நான்காகப் பிரித்து, ஊரை விட்டுப் பெயர்பவர், மண்டியா உழவர், பொறியாளர், தஞ்சை உழவர் எனப் பொறுப்பு அளித்து ஒரு கூட்டத்தை நடத்தச் சொன்னால் என்ன நிகழும்? முதலில் கூச்சல்தான் நிகழும். இரண்டாவது முறை, தம் தரப்புக்குச் சான்று வேண்டும் என்று அவர்களே புத்தகத்தைப் புரட்டுவர். மூன்றாவது முறை தரப்புகளை மாற்றிவிட்டால், நேற்று எதிர்த்த வாதத்தை இன்று தாமே முன்வைக்க வேண்டிய நிலை வரும். இன்றும் கசப்புள்ள ஒரு பொருளை இருபுறமும் நின்று பார்த்த மாணவன் செய்தித்தாளை வேறு கண்ணால் படிப்பான். இதில் ஆசிரியர் தீர்ப்புக் கூறக் கூடாது. கூறினால் மறு வாரம் மாணவர் அவருக்குப் பிடித்த விடையையே நடிப்பர்.

மைசூர் வகுப்பறைகளில் கன்னடத்துடன் உருது, தமிழ், தெலுங்கு ஆகியவற்றை வீட்டில் பேசும் பிள்ளைகளும் அமர்ந்துள்ளனர். பாடமொழியில் தடுமாறும் மாணவி குழாயடிக் காட்சியில் தன் வீட்டு மொழியில் வெளுத்து வாங்கலாம். அங்கு அது பிழையன்று, பாத்திரத்துக்கு இயல்பு. தனக்கும் குரல் உண்டு என்று ஒருமுறை உணர்ந்தபின் பாடமொழிக்கு வருவது எளிது.

யாருக்கு எந்த வேடம்?

பள்ளி நாடகத்தில் எவரும் எழுதி வைக்காத ஒரு விதி உண்டு. சிவந்த நிறமுள்ளவன் அரசன். கருத்தவன் அரக்கன் அல்லது சேவகன். பருத்த மாணவன் சிரிப்பு மூட்ட வேண்டும். உயர் அலுவலரின் மகளுக்கு முதன்மை வேடம். துடைப்பத்துடன் வரும் பாத்திரத்துக்கு எந்தப் பிள்ளையின் பக்கம் கண் திரும்புகிறது என்பதைக் கவனித்தாலே ஊரின் சாதி வரிசை தெரிந்துவிடும். தீய எண்ணம் இன்றியே பல ஆசிரியர்கள் இதைச் செய்கின்றனர். ஆனால் பதின்மூன்று வயதில் பெற்ற வேடத்தைப் பிள்ளை எளிதில் மறப்பதில்லை. பாத்திரங்களைச் சுழற்சி முறையில் அளிப்பது நடிப்புப் பயிற்சிக்கு நல்லது என்பதைவிட, நீதி என்ற வகையிலேயே அவசியமாகிறது. ஆண்டு விழாவில் சுழற்சி இயலாது. ஒரே ஒரு நிகழ்ச்சி, அதற்குத் தலைமை விருந்தினர் வேறு. பாடவேளையில் இயலும்.

ஆசிரியர் எங்கிருந்து வருவார்?

சிவமொக்கா மாவட்டத்து ஹெக்கோடு என்னும் சிற்றூரில் கே.வி. சுப்பண்ணா 1949-ல் தொடங்கிய நீநாசம் அமைப்பு, 1980-ல் நாடகப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவியது. ரங்காயணாவும் மைசூரில் நாடகப் பட்டயப் பயிற்சி அளித்துவருகிறது. கர்நாடக அரசு உயர்நிலைப் பள்ளிகள் சிலவற்றில் நாடக ஆசிரியர்களை நியமித்தது. நாட்டின் பெரும்பாலான மாநிலங்கள் எடுக்காத முயற்சி அது. எனினும் ஒரு பள்ளிக்கு ஒருவர் என்ற கணக்கு எட்டாக் கனி. நாடகம் பயின்றவருக்கு வகுப்பறை தெரியாது; வகுப்பறை அறிந்தவருக்கு நாடகம் தெரியாது. ஆசிரியர் பயிற்சி மாணவர்கள் கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் ரங்காயணாக் கலைஞர்களுடன் இணைந்து ஒரு பருவம் பணியாற்ற ஏற்பாடு செய்தால் இவ்விடைவெளி குறையும். இரு நிறுவனங்களும் ஒரே நகரில் இருக்கும்போது இதற்குத் தனி நிதியைவிடத் தனி ஆணையே தேவை.

தேர்வைப் பற்றிய கேள்வியும் உண்டு. இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ என்பது பொதுத் தேர்வுப் பாடம். தமிழ் மொழி மூலமும் மாணவர் அதைப் பயில்கின்றனர். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-ல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியும், பள்ளிகளுக்காக அவர் எழுதிய சிறுவர் நாடகங்களும் அங்கு இத்துறை வேரூன்ற உதவின. பொதுத் தேர்வில் இடம்பெற்றால் பாடவேளை உறுதியாகும், ஆசிரியர் பதவி உருவாகும். இது பெரிய ஆதாயம். குறிப்பேட்டை மனப்பாடம் செய்து நாடகத்தில் தேர்ச்சி பெறும் அபாயமும் உடன் வரும். ஒன்பதாம் வகுப்பு வரையேனும் மதிப்பெண் இன்றி, மாணவனின் நாட்குறிப்பையும் சக மாணவரின் கருத்தையும் கொண்டு மதிப்பிடுவதே தகும்.

வாரத்துக்கு இரு பாடவேளை என்றால் ஆண்டில் ஏறத்தாழ எழுபது கிடைக்கும். ஏப்ரலில் சின்னர மேளாவுக்குச் சென்று முகமூடி செய்த பிள்ளை, கோடை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் கால அட்டவணையைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறது. கணிதம், அறிவியல், மொழிப்பாடம், சனிக்கிழமை காலை உடற்பயிற்சி. அந்தக் கட்டங்களில் இரண்டைத் திறந்துவிடும் அதிகாரம் தலைமையாசிரியருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் இருக்கிறது.