மாமாவின் துளையிடும் இயந்திரம்

ஈப்போ, புந்தோங்கில் இருக்கும் என் மாமாவின் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை வேய்ந்த சிறிய பட்டறை ஒன்று உண்டு. ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் அவருடைய பகற்பொழுது பெரும்பாலும் அங்கேதான் கழிகிறது. சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் நாங்கள் போயிருந்தபோது, பட்டறையின் நடுவில் துருப்பிடித்த இயந்திரம் ஒன்று ஆள் உயரத்திற்கு நின்றுகொண்டிருந்தது.

"பழைய இரும்புக் கடையில் உடைப்பதற்காகப் போட்டிருந்தார்கள். இரும்பு விலைக்கே எடைபோட்டு வாங்கி வந்துவிட்டேன்," என்றார் மாமா.

அது ஒரு துளையிடும் இயந்திரம். பட்டறைகளில் 'டிரில்லிங் மெஷின்' என்பார்கள். அடியில் கனமான பீடம், அதன்மேல் ஒரு தூண், தூணில் ஏற்றி இறக்கக்கூடிய மேசை, உச்சியில் மோட்டாரும் கப்பிகளும் இருக்கும். பக்கத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் துளை அலகு செங்குத்தாகக் கீழிறங்கும். கையில் பிடித்துத் துளையிடும் கருவி, கை சற்றுச் சாய்ந்தாலும் தானும் சாய்ந்துவிடும். இந்த இயந்திரம் சாயாது. சாயாமல் இருப்பதுதான் இதன் முழு வேலையும்.

அது எங்கிருந்து வந்தது என்று விற்றவருக்குத் தெரியவில்லை. ஏதோ ஓர் ஈயச் சுரங்கப் பட்டறையில் இருந்திருக்கும் என்பது மாமாவின் ஊகம். கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் நிறைந்திருந்த காலத்தில் பம்புகளையும் ஈயக்கப்பல்களையும் பழுதுபார்க்கப் பட்டறைகள் தேவைப்பட்டன. 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈயத்தின் விலை சரிந்தது. அதன்பின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 1938இல் கட்டப்பட்ட ஈயக்கப்பல் ஒன்றைத் தஞ்சோங் துவாலாங்கில் இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். பட்டறைச் சாமான்களுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை என்று மாமா அடிக்கடி வருத்தப்படுவார்.

பிரித்துப்போடும் வேலை மூன்று நாள் நடந்தது. ஒவ்வொரு பகுதியையும் கழற்றுமுன் என் மகள் கைப்பேசியில் படம் எடுத்தாள். திருகாணிகளைத் தனித்தனி மைலோ டின்களில் போட்டு, டின்மேல் பெயர் எழுதினாள். இறுகிப்போன மரையாணிகளோடு மாமா மல்லுக்கட்டவில்லை. எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெதுவாகத் தட்டிவிட்டு, காப்பி குடிக்கப் போய்விடுவார். மறுநாள் அவை தாமாகவே இளகிக் கொடுத்தன. கைப்பிடியை மேலே இழுக்கும் சுருள்வில்லை மட்டும் எங்களைத் தொடவிடவில்லை. முறுக்கேறிய வில் விடுபட்டால் சவுக்குபோல் அடிக்கும்.

துளை அலகைக் கவ்விப் பிடிக்கும் பகுதிக்குச் 'சக்' என்று பெயர். சாவியால் திருகினால் மூன்று தாடைகள் ஒன்றாக இறுகும் இந்தவகைச் சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்கர் 1902இல் காப்புரிமை பெற்றார். அந்தச் சக்கைத் தாங்கும் தண்டு கூம்பு வடிவானது. அதைப் பிடித்திருக்க ஆணியும் இல்லை, திருகும் இல்லை. இரண்டு கூம்புகள் ஒன்றினுள் ஒன்று பொருந்தி, உராய்வினால் மட்டுமே நிற்கின்றன. என் மகள் இதை நம்பவே இல்லை. மாமா ஆப்பு வைத்துத் தட்டிக் கழற்றிக் காட்டியபின்தான் நம்பினாள்.

துருவை அகற்றியது வீட்டு வாசலில் நடந்த அறிவியல் பாடம். பிளாஸ்டிக் தொட்டியில் நீர் நிரப்பிச் சலவைச் சோடாவைக் கரைத்தார். 12 வோல்ட் மின்னேற்றியின் எதிர்முனையைத் துருப்பிடித்த பகுதியோடும், நேர்முனையை ஒரு பழைய இரும்புத் தகட்டோடும் இணைத்தார். இரவு முழுவதும் குமிழிகள் எழுந்தன. அவை ஹைட்ரஜன், தீப்பற்றக்கூடியது. அதனால்தான் தொட்டி வாசலில் இருந்தது. தகட்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத எஃகுக் கரண்டியைப் போடலாமா என்று கேட்டேன். அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரைந்து வரும் என்று தடுத்துவிட்டார். காலையில் செந்துரு கருமையாக மாறியிருந்தது, தேய்த்ததும் உதிர்ந்தது.

பேரிங்குகள் தேய்ந்து கரகரத்தன. ஒன்றின் ஓரத்தில் 6203 என்ற எண் தெரிந்தது. அந்த எண்ணைச் சொன்னாலே எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள்: உள்விட்டம் 17 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 40, தடிமன் 12. எண்பது ஆண்டுப் பழைய இயந்திரமாக இருந்தாலும் இன்று வாங்கிய பேரிங் அதில் பொருந்துவது அளவுகளை ஒருமுறை ஒழுங்குபடுத்தி வைத்ததால்தான்.

பிறகு ஒரு வாக்குவாதம் எழுந்தது. மேசையின்மேல் ஏழெட்டு இடங்களில் குழிகள் இருந்தன. யாரோ அவசரத்தில் பொருளோடு மேசையையும் சேர்த்துத் துளைத்த வடுக்கள் அவை.

"இதையெல்லாம் அடைத்துவிட்டுப் பளபளப்பாகப் பெயிண்ட் அடித்துவிடலாம், தாத்தா," என்றாள் மகள்.

"குழியால் வேலை கெடாது, கண்ணு. மேடுதான் கெடுக்கும்," என்றவர், குழிகளின் விளிம்பில் துருத்திய பிசிறுகளை மட்டும் அரத்தால் ராவினார். "அழகுக்காக இதை நான் வாங்கவில்லை. துளை நேராக விழுந்தால் போதும். எப்படி உழைத்ததோ அப்படியே இருக்கட்டும்."

பழைய பச்சை வண்ணத்தையும் அவர் சுரண்டவில்லை. அக்காலப் பெயிண்டில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி மூச்சில் போகும் என்றார்.

ஆனால், அப்படியே இருக்கட்டும் என்றவரே இரண்டு புதிய பொருள்களை அதில் பொருத்தினார். ஒன்று, பெல்ட்டை மூடும் உறை. மற்றொன்று, சிவப்பு நிறுத்தப் பொத்தான் கொண்ட சுவிட்ச். மின்சாரம் நின்று மீண்டும் வந்தாலும் அந்தச் சுவிட்ச் இயந்திரத்தைத் தானாக ஓடவிடாது.

"மாற்றக்கூடாது என்றீர்களே?" என்று மகள் மடக்கினாள்.

மாமா தம் இடது புருவத்தைத் தொட்டுக் காட்டினார். அங்கே ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. சிறுவயதில் விழுந்து பட்டது என்றுதான் நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன். பத்தொன்பது வயதில், சக்கை இறுக்கிய சாவியை எடுக்க மறந்து சுவிட்சைப் போட்டாராம். சாவி பறந்து வந்து அடித்தது. "அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் இந்தக் கண் போயிருக்கும். இயந்திரத்தின் வடு இருக்கலாம். ஆளுக்கு வடு வேண்டாம்."

ஒன்பதாம் நாள் மாலை அதை ஓட்டிப் பார்த்தோம். மோட்டார் நிமிடத்திற்கு 1,420 சுற்றுகள் சுழலும். அதன் கப்பி 50 மில்லிமீட்டர், மறுபக்கக் கப்பி 150 மில்லிமீட்டர் என்றால் அலகு எத்தனை சுற்றுகள் சுழலும் என்று மாமா கேட்டார். மகள் மனத்துக்குள் வகுத்து, ஏறத்தாழ 473 என்றாள். அலகு பருமனாக இருந்தால் மெதுவாகவும், மெல்லியதாக இருந்தால் விரைவாகவும் சுழல வேண்டும். சாதாரண எஃகில் 10 மில்லிமீட்டர் துளைக்கு 800 சுற்றுகள் போதும். 5 மில்லிமீட்டருக்கு அதைப்போல் இருமடங்கு.

அவள் தலைமுடியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்தாள். கையுறையைக் கழற்றச் சொன்னார் மாமா. சுழலும் அலகில் துணி மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். எஃகுத் தகட்டைப் பிடிகருவியில் இறுக்கி, அடியில் மரக்கட்டை வைத்தாள். சாவியால் சக்கையும் இறுக்கிவிட்டுச் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள்.

மாமா எதுவும் சொல்லவில்லை. சுவிட்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். அவர் எங்கே பார்க்கிறார் என்று அவளும் பார்த்தாள். சாவி சக்கிலேயே இருந்தது.

அவள் அதை எடுத்துத் தூணிலிருந்த கொக்கியில் மாட்டினாள். மாமா கையை எடுத்தார். மோட்டார் சீரான குரலில் உறுமத் தொடங்கியது. அலகு தகட்டைத் தொட்டதும், எண்ணெய் மணத்தோடு இரண்டு மெல்லிய எஃகுச் சுருள்கள் எழுந்து வந்தன. அவற்றில் ஒன்றை அவள் இன்றும் தன் பென்சில் பெட்டியில் வைத்திருக்கிறாள்.