விபத்து இழப்பீடும் சமரசத் தொகையும்: இளம் வழக்கறிஞருக்கு ஒரு கடிதம்



வாகன விபத்தில் காயமுற்றோர் வழக்கறிஞரிடம் முதலில் கேட்பது, இத்தகைய வழக்குக்கு வழக்கமாக எவ்வளவு கிடைக்கும் என்பதே. கால் முறிவுக்கு இவ்வளவு, விரல் இழப்புக்கு இவ்வளவு என நீதிமன்ற வளாகத்தில் உலவும் தொகைகளுள் ஒன்றைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் அப்படியொரு பொதுத்தொகை சட்டத்தில் இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 168ஆம் பிரிவு, தீர்ப்பாயம் 'நியாயமான இழப்பீடு' வழங்க வேண்டும் என்று மட்டுமே கூறுகிறது. அந்த நியாயம் காயத்தின் பெயரிலிருந்து பிறப்பதில்லை; காயமுற்றவரின் வயது, வருமானம், தொழில், எஞ்சியுள்ள திறன் ஆகியவை சான்றுகளால் மெய்ப்பிக்கப்பட்டு ஒரு கணக்காக உருப்பெறும்போதே பிறக்கிறது. அந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்காத வழக்கறிஞர் சமரசம் பேச அமரக் கூடாது என்பதே இக்கடிதத்தின் சாரம்.

நிலையான தொகைகள் இரண்டு இடங்களில் மட்டும் உள்ளன. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள 164ஆம் பிரிவின்படி, தவறு யாருடையது என்பதை நிறுவாமலே இறப்புக்கு 5 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாயும் பெறலாம். மோதிய வாகனம் எதுவென்று தெரியாத விபத்துகளில் 161ஆம் பிரிவின் கீழ் இறப்புக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். இவற்றுள் முதலாவது விரைவாகக் கைக்கு வரக்கூடியது என்றாலும், 149ஆம் பிரிவின் நடைமுறைப்படி அதனை ஏற்றுக்கொள்பவரின் இழப்பீட்டு மனு தீர்ப்பாயத்தில் காலாவதியாகிவிடும் என்பதால், பெரிய இழப்புக்கு உள்ளானவர் அதில் கையெழுத்திடும் முன் முழுக் கணக்கையும் அறிந்திருக்க வேண்டும்.

அக்கணக்கின் தலைப்புகளை உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் வகுத்தளித்தது. மருத்துவம், போக்குவரத்து, சத்துணவு ஆகியவற்றின் செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், நிரந்தர ஊனத்தால் இனி இழக்கவிருக்கும் வருமானம், எதிர்கால மருத்துவச் செலவு ஆகியவை பணத்தால் அளக்கத்தக்கவை. வலியும் வேதனையும், வாழ்வின் இயல்பான இன்பங்களை இழத்தல், ஆயுள் குறைதல் ஆகியவை அவ்வாறு அளக்க இயலாதவை. எலும்பு கூடி முழுமையாகக் குணமடைந்தவருக்கு மருத்துவச் செலவு, சிகிச்சைக் கால வருமானம், வலிக்கான ஈடு ஆகிய மூன்றே பெரும்பாலும் பொருந்தும். நிரந்தர ஊனம் உள்ளவரின் வழக்கிலோ தொகையின் பெரும்பகுதி எதிர்கால வருமான இழப்பிலேயே அடங்கியிருப்பதால், வழக்கறிஞரின் உழைப்பும் அங்கேயே குவிய வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 28 வயதுக் கொத்தனார் ஒருவரின் மாத வருமானம் 15,000 ரூபாய் என மெய்ப்பிக்கப்பட்டதாகக் கொள்ளலாம். 2017ஆம் ஆண்டு பிரணய் சேத்தி தீர்ப்பின்படி, 40 வயதுக்கு உட்பட்ட சுயதொழிலாளருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். காயமுற்று உயிர் பிழைத்தோருக்கும் இது உரியது என 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஆகவே மாத வருமானம் 21,000 ரூபாயாகவும் ஆண்டு வருமானம் 2,52,000 ரூபாயாகவும் ஆகிறது. ஆண்டு இழப்பை எத்தனை ஆண்டுகளால் பெருக்குவது என்பதை வயதைக் கொண்டு முடிவுசெய்யும் பெருக்கெண், 2009ஆம் ஆண்டு சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி 26 முதல் 30 வயது வரை 17 ஆகும். எனவே முழு வருமானத்தின் மதிப்பு 42,84,000 ரூபாய். சாரத்தில் ஏற முடியாத அளவுக்கு முழங்கால் மடங்காமல் போனதால் அவருடைய உழைப்புத் திறனில் 30 சதவீதம் குறைந்தது எனத் தீர்ப்பாயம் ஏற்குமானால், இந்த ஒரு தலைப்பில் மட்டும் 12,85,200 ரூபாய் வரும்.

இதே காயத்துக்குத் தமிழ்நாட்டுத் தீர்ப்பாயங்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் மற்றொரு முறை சதவீத முறை. ஒரு சதவீத ஊனத்துக்கு 3,000 ரூபாய் அல்லது 5,000 ரூபாய் என்று கணக்கிடுவதே அது. மருத்துவர் 40 சதவீத ஊனம் எனச் சான்றளித்திருந்தாலும், சதவீதத்துக்கு 5,000 ரூபாய் வீதம் 2 லட்சம் ரூபாயே தேறும். ஒரே மனிதருக்கு ஒரே காயத்துக்கு 2 லட்சத்துக்கும் 12 லட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கும் இடையே வேறுபாடு ஏற்படக் காரணம், அவருடைய பிழைப்பு பாதிக்கப்பட்டது என்பது நிறுவப்பட்டதா இல்லையா என்பதே. ராஜ்குமார் தீர்ப்பு கூறும் விளக்கமும் இதுவே: இடக்கை இழந்த ஓட்டுநரோ தச்சரோ ஏறக்குறைய முழு வருமானத்தையும் இழக்கக்கூடும், அரசுப் பணியிலுள்ள எழுத்தரோ அதே வேலையில் அதே ஊதியத்துடன் தொடரக்கூடும். அந்த எழுத்தருக்குச் சதவீத முறை பொருந்தலாம், கொத்தனாருக்குப் பொருந்தாது.

எனவே ஊனச் சான்றிதழில் உள்ள எண்ணை மட்டும் நம்புவது போதாது. அந்த எண் ஒரு காலைக் குறிக்கிறதா முழு உடலைக் குறிக்கிறதா என்பதை மருத்துவரின் சாட்சியத்தில் தெளிவாக்குதல் வேண்டும். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வங்கிக் கணக்கு, நலவாரிய அட்டை, மேஸ்திரியின் சாட்சியம் ஆகியவற்றைத் திரட்டுவதும், மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்குவதும் சிறு வேலைகளாகத் தோன்றினாலும், தொகையை உயர்த்துவதும் தாழ்த்துவதும் இவையே.

சமரசம் என்பது இவ்வாறு பெறப்பட்ட எண்ணிலிருந்து ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பதாகும். எதற்காக விட்டுக்கொடுக்கிறோம் என்பதற்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். காயமுற்றவர் மீதும் தவறு உண்டு எனத் தீர்ப்பாயம் கருதினால் அந்த விகிதத்தில் தொகை குறையும். ஓட்டுநருக்கு உரிமம் இல்லையெனில், காப்பீட்டு நிறுவனம் முதலில் செலுத்திவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு உத்தரவிடப்படலாமேயன்றி, அதனால் காயமுற்றவரின் தொகை தானாகக் குறைந்துவிடாது; இக்காரணத்தைக் காட்டிப் பேரம் பேசுவோரிடம் இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தல் வேண்டும். மேல்முறையீட்டால் நேரும் தாமதம் உண்மையான இழப்பு. எதிர்த்தரப்பு அரசுப் போக்குவரத்துக் கழகமாக இருந்தால், தீர்ப்பு கிடைத்த பின்னும் பணம் வராமல் பேருந்தை ஜப்தி செய்யும் நிலை வரை செல்ல நேர்வது தமிழ்நாட்டில் பலரும் அறிந்ததே. மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொண்டால் இந்தத் தாமதம் நீங்கும். ஆனால் அங்கு பிறப்பிக்கப்படும் உத்தரவு இறுதியானது, அதன் மீது மேல்முறையீடு இல்லை என்பதால், மனு நாளிலிருந்து சேர்ந்த வட்டி தொகையில் அடங்கியுள்ளதா, இனிச் செய்ய வேண்டிய அறுவை சிகிச்சைக்கு இடம் விடப்பட்டுள்ளதா என்பவற்றை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை முடிந்து ஊனத்தின் அளவு நிலைபெறும் முன் முடிக்கப்படும் சமரசம் பெரும்பாலும் காயமுற்றவருக்கு நட்டமாகவே அமையும்.

காத்திருப்பது வேறு, மனுவையே தாமதிப்பது வேறு. 166ஆம் பிரிவில் 2022இல் நடைமுறைக்கு வந்த உட்பிரிவு விபத்து நாளிலிருந்து ஆறு மாதக் கெடு விதிக்கிறது. அதன் செல்லுபடி உச்ச நீதிமன்றத்தில் கேள்விக்குள்ளாகியிருப்பினும், கெடுவுக்குள் மனு தாக்கல் செய்துவிட்டுச் சான்றுகளை வளர்த்துக்கொள்வதே அறிவுடைமை.

இறுதியாக, கட்டணம் பற்றி. கிடைக்கும் தொகையில் பங்கு பேசிக்கொள்வதை இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் தடைசெய்கின்றன. விரைவில் முடித்தால் விரைவில் பங்கு வரும் என்னும் நிலை, வழக்கறிஞரின் நலனைக் கட்சிக்காரரின் நலனிலிருந்து பிரித்துவிடும் என்பதால், அத்தடையில் பொருள் உண்டு. ஆகவே சமரசக் குறிப்பில் கையெழுத்து வாங்கும் முன், முழுக் கணக்கின் தொகை, தருவதாகச் சொல்லப்படும் தொகை, இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டின் காரணங்கள் ஆகியவற்றை ஒரு தாளில் தமிழில் எழுதிக் காயமுற்றவரிடமும் குடும்பத்தாரிடமும் தந்து, ஏற்பதா மறுப்பதா என்பதை அவர்களே முடிவுசெய்யச் செய்தல் வேண்டும்.