ஒரு போல்ட் எவ்வளவு தாங்கும்?

1986 ஆம் ஆண்டு ஜேர்மனியில் ஒரு வொக்ஸ்வாகன் போலோ கார் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் கொங்கிறீற் சுவரொன்றில் மோதியது. ஒருவருக்கும் காயமில்லை. சுவரும் உடையவில்லை. ஏனெனில் காரும் சுவரும் கணினிக்குள்ளேயே இருந்தன. பாம் கிராஷ் என்ற மென்பொருள் ஓரிரவுக்குள் அந்த மோதலைக் கணித்து முடித்தது. முழுக் காரொன்றின் முன்பக்க மோதலைக் கணினியில் வெற்றிகரமாக உருவகப்படுத்திய முதல் முயற்சிகளில் இதுவும் ஒன்றாகக் கூறப்படுகிறது. இன்று கார்களைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்கள், உண்மையான ஒரு காரை உடைக்கும் முன்னர் கணினியில் பலமுறை உடைத்துப் பார்த்துவிடுகின்றன.

அந்தக் கணிப்பின் அடிப்படை, பௌதிகவியல் கற்கும் தோழியருக்குப் புதியதன்று. காரின் உடலைச் சிறு சிறு தகட்டுத் துண்டுகளாகப் பிரிப்பர். இவற்றுக்கு மூலகங்கள் என்று பெயர். ஒவ்வொரு மூலகத்தின் தகைப்பையும் விகாரத்தையும் கணித்து, அதிலிருந்து விசையையும், விசையிலிருந்து ஆர்முடுகலையும், ஆர்முடுகலிலிருந்து அடுத்த கணத்து இடப்பெயர்ச்சியையும் காண்பர். பின்னர் மீண்டும் அதே வேலை. நியூற்றனின் இரண்டாம் விதியை இலட்சக்கணக்கான தடவை பிரயோகிப்பதே முழுக் கதையும்.

ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் இடையில் எவ்வளவு நேரம் விடலாம்? உருக்கில் ஒலி ஏறத்தாழ செக்கனுக்கு 5000 மீற்றர் வேகத்தில் செல்லும். மூலகத்தின் நீளம் 5 மில்லிமீற்றர் என்றால், அதிர்வு அதைக் கடக்க ஒரு மைக்ரோசெக்கன் எடுக்கும். நேரப்படி அதைவிடப் பெரிதாக இருந்தால் கணிப்பு குழம்பிவிடும். மோதலோ 100 மில்லிசெக்கன் வரை நீடிக்கிறது. ஆகவே ஒரு இலட்சம் படிகள் வேண்டும். மூலகத்தை 1 மில்லிமீற்றராகச் சிறுப்பித்தால் படிகள் ஐந்து இலட்சமாகும்.

இங்கேதான் போல்ட் சிக்கலைக் கொண்டுவருகிறது. கார் ஒன்றரை மீற்றருக்கும் அதிகமான அகலமுடையது. போல்ட்டின் தடிப்பு 10 மில்லிமீற்றர். அதன் புரியையும் தலையையும் நட்டையும் உள்ளபடியே வரைந்தால், அந்தச் சிறு உலோகத் துண்டுக்காக முழுக் காரின் கணிப்பும் ஐந்து மடங்கு மெதுவாகும். வரையாமல் விட்டால், இரண்டு பாகங்கள் எந்த விசையில் பிரியும் என்பது தெரியாமற் போகும்.

போல்ட் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பலரும் பிழையாகவே நினைக்கிறோம். துளைக்குள் நின்று தகடுகளை நகரவிடாமல் தடுக்கும் ஆணி என்றே எண்ணுகிறோம். உண்மையில் நன்றாக இறுக்கிய போல்ட் ஒரு விறைப்பான வில்லைப் போன்றது. நட்டைத் திருகும்போது போல்ட் சிறிதே நீள்கிறது. நீண்டது சுருங்க முயன்று இரு தகடுகளையும் ஒன்றோடொன்று அமுக்குகிறது. தகடுகளை நகரவிடாமல் வைத்திருப்பது அவற்றுக்கிடையிலான உராய்வே. 10 மில்லிமீற்றர் போல்ட்டை 50 நியூற்றன் மீற்றர் முறுக்கத்தில் இறுக்கினால் எவ்வளவு இழுவை வரும்? முறுக்கத்தை விட்டத்தாலும், உலர்ந்த உருக்குக்கு ஏறத்தாழ 0.2 எனக் கொள்ளப்படும் ஒரு குணகத்தாலும் வகுத்தால் 25,000 நியூற்றன். உராய்வுக் குணகம் 0.15 என்றால், 3,750 நியூற்றன் வரை தகடுகள் அசையா. அதைத் தாண்டினால் அவை வழுக்கி, போல்ட்டின் உடல் துளையின் சுவரில் முட்டும். அதன் பிறகே போல்ட் வெட்டுவிசையைத் தாங்கத் தொடங்கும். (புரியில் எண்ணெய் பூசினால் அதே முறுக்கத்துக்கு இழுவை கூடிவிடும். கராஜில் எண்ணெய் பூசி, பலங்கொண்ட மட்டும் இறுக்குபவர்கள் இதைக் கவனிப்பதில்லை.)

பொறியியலாளர் இதற்கு மூன்று வழிகளைக் கையாளுகின்றனர். முதலாவது, துளைகளைச் சுற்றியுள்ள புள்ளிகளை விறைப்பாகக் கட்டிவிடுவது. மலிவான வழி. ஆனால் அந்த மூட்டு ஒருபோதும் உடையாது. உடையாத மூட்டைக் கொண்ட கார் கணினியில் நட்சத்திரங்களை அள்ளும், வீதியில் என்னாகும் என்பது வேறு விடயம். மூன்றாவது, போல்ட்டை முழுத் திண்மமாக வரைந்து இழுவையையும் கொடுப்பது. மிகச் சரியானது, மிக மெதுவானது. ஒரேயொரு மூட்டைத் தனியே ஆராயும்போது இதைப் பயன்படுத்துவர். இரண்டாவது வழி இடைநடுவானது: போல்ட்டை ஒரு சிறு வளையாகக் கொண்டு, எவ்வளவு இழுவிசையில், எவ்வளவு வெட்டுவிசையில் அறும் என்று சொல்லிவைப்பது. இரண்டு விசையும் சேர்ந்து வரும்போது, ஒவ்வொன்றையும் அதன் எல்லையால் வகுத்து வர்க்கித்துக் கூட்டுவர். கூட்டுத்தொகை 1 ஐ எட்டினால் போல்ட் அற்றது என்று கணினி அதை நீக்கிவிடும். எனக்குப் பிடித்தது இதுதான். காரணம், இதைக் கொப்பியிலேயே செய்து பார்க்கலாம்.

எதைச் செய்து பார்ப்பது? 2014 ஜனவரியில் குளோபல் என்கெப் அமைப்பு இந்தியாவில் விற்பனையாகும் ஐந்து சிறிய கார்களை மணிக்கு 64 கிலோமீற்றர் வேகத்தில் மோதச் செய்தது. எங்கள் வீதிகளில் அன்றாடம் காணும் அல்ட்டோ 800 உட்பட, காற்றுப் பையில்லாத ஐந்துமே வயது வந்தோர் பாதுகாப்பில் பூச்சியம் நட்சத்திரம் பெற்றன. ஆனால் எங்களில் பெரும்பாலானோர் தினமும் அதிக நேரம் இருப்பது காரிலல்ல, பாடசாலை வானில். ஹெந்தளையிலிருந்து காலையில் களனிப் பாலத்து நெரிசலில் அகப்பட்டுக் கிடக்கும்போது எண்ணிப் பார்க்க நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

எங்கள் வானின் நடு ஆசனத்துக்குக் கீழே விரிப்பை நீக்கிப் பார்த்தேன். இரும்புக் கால்கள், தரையில் நான்கு துளைகள், மூன்று போல்ட்கள். எல்லாம் 8 மில்லிமீற்றர், தலையில் எந்த இலக்கமும் இல்லை. வான் முதலில் சாமான் ஏற்ற வந்ததென்றும், ஆசனங்கள் பின்னர் பொருத்தப்பட்டவை என்றும் வான் அங்கிள் சொன்னார்.

இனிக் கணக்கு. ஆசனத்தின் திணிவு 20 கிலோகிராம். பின்வரிசையில் இருக்கும் 40 கிலோ பிள்ளைகள் மூவர் முன்னே வந்து இதன் முதுகில் மோதுகின்றனர். மொத்தம் 140 கிலோகிராம். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு 13.9 மீற்றர். அது 0.1 செக்கனில் நின்றால் சராசரி அமர்முடுகல் 139. விசை ஏறத்தாழ 19,500 நியூற்றன், அதாவது இரண்டு தொன் நிறை. நான்கு போல்ட்களும் சமமாகப் பகிர்ந்தால் வெட்டுவிசை ஒவ்வொன்றுக்கும் 4,900 நியூற்றன். ஆனால் விசை தரையில் அல்ல, ஏறத்தாழ 0.4 மீற்றர் உயரத்தில் தாக்குகிறது. ஆசனம் முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். முன் காலுக்கும் பின் காலுக்கும் இடையில் 0.35 மீற்றர் என்றால், பின் போல்ட்கள் இரண்டும் சேர்ந்து 22,300 நியூற்றன் மேல்நோக்கி இழுக்கப்படும். ஒன்றுக்கு 11,150.

இலக்கமில்லாத போல்ட்டை 4.6 தரமாகக் கொள்வோம். அதன் முதல் இலக்கம் 400 மெகாபஸ்கால் முறிவுத் தகைப்பைக் குறிக்கும். 8 மில்லிமீற்றர் போல்ட்டின் பயன்படு பரப்பு 36.6 சதுர மில்லிமீற்றர். ஆகவே 14,600 நியூற்றனில் அறும். வெட்டுவிசைக்கு அதன் 60 சதவீதம், 8,760. வகுத்து வர்க்கித்துக் கூட்டினால் 0.9. மயிரிழையில் தப்பும். அதே 0.1 செக்கனில் நிற்பதாகக் கொண்டு வேகத்தை 60 ஆக்கினால் 1.3. தப்பாது. எங்கள் வானிலோ பின் காலில் ஒரு போல்ட் இல்லை. எஞ்சிய ஒன்று 22,300 ஐயும் தனியே தாங்க வேண்டும், அதன் எல்லையோ 14,600. 50 இலேயே ஆசனம் கழன்று பறக்கும். இவை சராசரி விசைகள் மட்டுமே. மோதலின் உச்ச விசை இதைவிடக் கூட இருக்கும்.

அதே இடத்தில் 8.8 என்று தலையில் பொறித்த 10 மில்லிமீற்றர் போல்ட் நான்கையும் போட்டால் கூட்டுத்தொகை 0.09. பத்தில் ஒன்று! விலை வித்தியாசமோ மிகச் சிறியது. பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் வாங்குவோர் தலையில் இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும்.

ஆனால் போல்ட் தாங்கினாலும் தரை தாங்க வேண்டுமே. வானின் தரைத் தகடு மிக மெல்லியது. சிறு வொஷர் மட்டும் இருந்தால் போல்ட் அறாது. அதன் நட்டு தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். கணினி மாதிரியுருவில் போல்ட்டை மட்டும் கவனமாக வரைந்து, துளையைச் சுற்றியுள்ள தகடு கிழிவதை விட்டுவிட்டால் விடை தவறாக வருவது இதனாலேயே. கார்களின் ஆசனப்பட்டி பொருத்தும் இடத்தில் உட்புறமாகத் தடித்த தகடொன்று ஒட்டப்பட்டிருப்பதும் இதற்காகத்தான். ஐக்கிய நாடுகளின் 14 ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, காரின் தோள்பட்டியிலும் இடுப்புப்பட்டியிலும் தலா 13,500 நியூற்றன் பிரயோகித்து இழுத்துச் சோதிப்பர்.

கணக்கை வாப்பாவிடம் காட்டினேன். அவர் கூட்டல் பிழை ஏதும் உண்டா என்று ஒருமுறை பார்த்துவிட்டு வான் அங்கிளுக்குத் தொலைபேசி எடுத்தார். அங்கிள் கோபிக்கவில்லை. "மகள், ஆசனம் ஆடினா இறுக்கிவிடுவன், இப்படியெல்லாம் ஆரும் சொல்லித் தரல்ல" என்றார். பெற்றோர் பார்க்க வேண்டியவை சிலவே: காலுக்குக் காலாக எல்லாத் துளையிலும் போல்ட் உண்டா, தலையில் 8.8 உண்டா, வானுக்கு அடியில் நட்டுக்கு மேலே உள்ளங்கை அகலத்தில் தடித்த தகடு வைத்திருக்கிறார்களா. துளை நீள்வட்டமாகியிருந்தால் போல்ட் நெடுநாள் தளர்ந்திருந்தது என்று அர்த்தம். அங்கே வெறுமனே இறுக்கினால் போதாது.

எங்கள் நடு ஆசனத்துக்கு இப்போது நான்கு போல்ட்களும் உண்டு, கீழே தகடுகளும் உண்டு. கடைசி ஆசனத்தை வரும் தவணை விடுமுறையில் கழற்றிப் பார்ப்பதாக அங்கிள் சொல்லியிருக்கிறார்.