துயரத்தை எழுதுவோம், பகையை வளர்க்கோம்



மலைநாட்டுத் தோட்டமொன்றில் 1914இல் பிறந்தவர் சி. வி. வேலுப்பிள்ளை. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றவர்களாக்கியது. அவர் தொழிற்சங்கத்தில் உரிமைக்காகப் போராடினார், கவிதையும் எழுதினார். லயங்களில் பாடப்பட்ட பாடல்களைத் தேடித் தொகுத்தார். எழுத்தறியாத தாய்மாரின் துயரம் அதனால் அழியாமல் நின்றது.

றொசல்ல லயத்தில் இருந்தாலும், 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிப் பயிர் செய்தாலும், நாமும் இதைச் செய்யலாம்.

1. காலையில் ஒரு தீர்மானம் எடுங்கள்: "இன்று எந்த இனத்தையும் ஏசமாட்டேன்."

2. இரவில் நான்கு வரி எழுதுங்கள். இழந்த காணி, கிணறு, மாடு எதையும் மறைக்க வேண்டாம். தீங்கு செய்தவனைச் சொல்லுங்கள். அவன் இனம் முழுவதையும் குற்றஞ்சாட்டாதீர்கள்.

3. உதவியவரையும் எழுதுங்கள். 1983 ஜூலையில் தமிழரைத் தம் வீடுகளில் ஒளித்துக் காத்த சிங்களவர் பலர்.

4. எழுதத் தெரியாத பாட்டி சொல்ல, பேரப்பிள்ளை எழுதட்டும். ஞாயிறன்று அதை அயலவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நடந்ததை மறந்துவிடும்படி யாரும் உங்களைக் கேட்கக்கூடாது. ஆனால் நம் பிள்ளைகள் அதை யாரிடமிருந்து, எப்படிக் கேட்கிறார்கள் என்பது நம் கையில் இருக்கிறது. இன்றிரவே ஒரு கொப்பியை எடுங்கள்.