புது பேட்டரி வாங்கும் முன்

நள்ளிரவில் சுங்குவார்சத்திரத்திலிருந்து கோயம்பேட்டுக்குப் புறப்பட வேண்டிய பழைய 407 கிளம்பவில்லை என்றால் அன்றைய வியாபாரம் போயிற்று. உடனே பேட்டரியின் மேல் பழி போட்டுப் புதிது வாங்குகிறோம். பத்து நாளில் அதுவும் இறங்கிவிடுகிறது.

டீசல் இஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இஞ்சின் பிடிக்கவில்லையென்றால் டீசல் வரத்தைப் பார்க்க வேண்டும். 'டக்' என்ற சத்தத்தோடு செல்ஃப் நின்றால் மின்சாரப் பக்கம். முதலில் டெர்மினலில் பூத்த உப்பைச் சுரண்டி, எர்த் வயரை முறுக்குவோம். பல வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும்.

பிறகு மீட்டர். இரவெல்லாம் நின்ற 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவு; 12-க்குக் கீழே என்றால் காலி. இஞ்சின் ஓடும்போது சுமார் 14 வர வேண்டும். வராவிட்டால் தளர்ந்த பெல்ட், தேய்ந்த கார்பன் பிரஷ், டயோடு என ஆல்டர்னேட்டரைப் பார்க்கலாம். டேஷ்போர்டின் சிவப்பு சார்ஜ் பல்பு போனாலே சில வண்டிகளில் சார்ஜ் ஏறாது. பல்பின் விலை என்ன, பேட்டரியின் விலை என்ன! 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கோளாறு, பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றும்.

ஓடும் வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் டயோடு எரிந்துவிடும். மெக்கானிக் அதற்காக ஸ்பானரை எடுத்தால் தயங்காமல் தடுத்துவிடுங்கள்.