குழாயோடு கேணியில் முழுகலாமா?

அப்பாவுக்குப் புரொஸ்டேட் வீக்கத்தால் சலம் அடைபட்டு, குழாய் போட்டு வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். ஆடி அமாவாசைக்குக் கேணியில் முழுகியே தீருவேன் என்கிறார். விடலாமா? – வாசகி, கீரிமலை

வேண்டாம், தங்கச்சி. ஊரே இறங்கும் நீரில் அமிழ்ந்தால் கிருமி குழாய் வழியே சலப்பைக்கு ஏறலாம். பிதிர்க்கடனைக் கேணிக்கரையில் இருந்தே செய்யட்டும். தலையில் தெளித்துக்கொண்டால் கீரிமலைச் சிவன் நகுலேஸ்வரர் கோபிக்க மாட்டார். வீட்டில் கிணற்றுத் தண்ணீரை அள்ளி வார்த்துத் தாராளமாகக் குளிக்கலாம்.

குழாயோடு இணைத்த சலம் சேரும் பையைத்தான் கவனியுங்கள். எப்போதும் சலப்பைக்குக் கீழே, நிலத்தில் படாமல் தொங்கவேண்டும். ஓட்டோவில் ஏறியதும் மடியில் தூக்கி வைப்பார்கள். அப்போது சலம் சலப்பைக்குத் திரும்பி ஓடும். நிரம்பி வழியவிடாமல், கை கழுவிவிட்டு வெறுமையாக்குங்கள். குழாய் நுழையும் இடத்துக்குத் தினமும் சோப்பும் தண்ணீரும் போதும், டெட்டோல் வேண்டாம். தண்ணீர் குறைக்கச் சொல்லி வைத்தியர் சொல்லியிராவிட்டால், அடிக்கடி குடிக்கக் கொடுங்கள்.

சலம் வராமல் நின்றால், குழாய் மடங்கியிருக்கிறதா, அப்பா அதன்மேல் இருக்கிறாரா என்று பாருங்கள். மலச்சிக்கலும் அடைக்கும். அப்படியும் வராவிட்டால், அல்லது காய்ச்சல், நடுக்கம், தடுமாறிய பேச்சு, இரத்தக்கட்டி என்றால், விடியும்வரை காத்திராமல் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குழாயை மட்டும் இழுத்துவிடாதீர்கள்; உள்ளே நீர் நிரப்பிய சிறு பலூன் இருக்கிறது.