உதிர மறந்த இலை

நுழையும்முன்

மரம் தழைக்கப் பழுத்த இலை உதிர வேண்டும். நம் உடலிலும் முதிர்ந்த செல்களும் பழுதுற்ற செல்களும் உரிய காலத்தில் மடிகின்றன. மடிய மறந்த செல் புற்றுநோய்க்கு வித்தாகலாம். அத்தகைய செல்லை மீண்டும் இறப்பின் வழிக்குத் திருப்பும் ஒரு மருந்தின் செயலை இப்பாடம் விளக்குகிறது.

ஒழுங்கான இறப்பு

செல்களின் இறப்பு பெரும்பாலும் இருவகைப்படும். தீக்காயம் போன்றவற்றால் வெடித்துச் சிதைந்து, சுற்றிலும் அழற்சியை உண்டாக்குவது ஒருவகை. செல் தன்னுள் அமைந்த கட்டளைப்படி சுருங்கி, சிறு துண்டுகளாகப் பிரிந்து, அண்டைச் செல்களுக்கு ஊறின்றி மறைவது மற்றொரு வகை. இதுவே திட்டமிட்ட செல் இறப்பு. கருவிலுள்ள குழந்தையின் விரல்கள் தனித்தனியே பிரிவதும் இதனாலேயே. 1972ஆம் ஆண்டு கெர், வில்லி, கரி என்னும் அறிஞர் மூவர் இதற்கு 'அபோப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் இது.

மறந்தது எவ்வாறு?

ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாலும் மதுவாலும் கல்லீரல் பல்லாண்டுகள் சிதைந்து சிதைந்து புதுப்பிக்கப்படும்போது, அதன் செல்களில் மரபணுப் பிழைகள் சேர்கின்றன. பிழை மலிந்த செல் மடிவதே முறை. ஆனால், புற்றுநோய்ச் செல்லிலோ 'பெருகுக' என்னும் கட்டளை ஓயாது ஒலிக்கிறது. அக்கட்டளையைக் கைமாற்றும் புரதங்களுள் ஒன்று 'ராஃப்'. 'எம்.சி.எல்.-1' என்னும் மற்றொரு புரதம் இறப்பின் வாயிலை அடைத்து நிற்கிறது.

மருந்தின் பணி

'சோராஃபெனிப்' என்னும் இலக்குசார் மருந்து, ராஃப் புரதத்தைத் தடுத்துப் பெருக்கக் கட்டளையை இடையில் அறுக்கிறது. புற்றுக்கட்டிக்கு உணவூட்டும் புதிய இரத்தக் குழாய்களின் வளர்ச்சியையும் தடுக்கிறது. எம்.சி.எல்.-1 புரதத்தின் அளவையும் குறைக்கிறது.

காவல் தளர்ந்ததும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் துளைகள் தோன்றுகின்றன. அங்கு ஆற்றல் உற்பத்திக்கு உதவிய 'சைட்டோகுரோம் சி' என்னும் புரதம் வெளியேறுகிறது. உள்ளிருக்கும்வரை வாழ்வுக்குத் துணைநின்ற அப்புரதம், வெளிவந்ததும் இறப்பின் தூதாகிறது. அதனால் 'காஸ்பேஸ்' என்னும் நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டப்பட்டுச் செல்லின் புரதங்களைத் துண்டிக்கின்றன. டி.என்.ஏ.வும் துண்டாகிறது. எஞ்சியவற்றை விழுங்குசெல்கள் அகற்றுகின்றன. மருந்து புதியதொரு மரணத்தைப் படைக்கவில்லை. செல் மறந்திருந்த கடமையை நினைவூட்டுகிறது.

எல்லையும் நம்பிக்கையும்

முற்றிய கல்லீரல் புற்றுநோயாளர் 602 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2008இல் வெளியாயிற்று. மருந்து பெற்றோரின் வாழ்நாள் இடைநிலை அளவு 10.7 மாதங்கள், பெறாதோருக்கு 7.9 மாதங்கள். ஏறத்தாழ மூன்று மாதங்களே கூடின. புற்றுச்செல்கள் மாற்றுவழி கண்டு மருந்தை எதிர்த்து நிற்பது இதற்கு ஒரு காரணம். கைகால்களில் தோல் புண்ணாதல், வயிற்றுப்போக்கு போன்ற பக்கவிளைவுகளும் உண்டு. எனினும், அதற்குமுன் எந்த மருந்தும் தராத கால நீட்டிப்பு அது. பின்வந்த மருந்துகளுக்கு அதுவே அளவுகோலாயிற்று.

வருமுன் காத்தலே இன்றும் முதன்மையான வழி. குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் இடப்படும் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி, இந்நோயின் பெருங்காரணம் ஒன்றைத் தொடக்கத்திலேயே விலக்குகிறது.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் இம்மருந்தின் ஒரு மாதத் தேவைக்கு ஏறத்தாழ 2,80,000 ரூபாய் விலையிருந்தது. 2012 மார்ச்சில் நாட்டின் முதல் கட்டாய உரிமம் இதற்கே வழங்கப்பட்டது. காப்புரிமை பெறாத நிறுவனமொன்று அதனை 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்க வழி பிறந்தது. கண்டுபிடிப்பு நோயாளியின் கைக்கு எட்டும்போதுதான் மருந்தாகிறது.

கற்பவை கற்றபின்

1. 'இறப்பும் உடலின் ஒழுங்கே' – இக்கூற்றைப் பாடத்தின்வழி நிறுவுக.
2. உயிர்காக்கும் மருந்தின் விலையை வரையறுப்பது யார் பொறுப்பு என்பது குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.